நார்மல் என்று எழுதிய ரத்தம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ரயில்வே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்கப்புறம் தமிழில் எழுதியது என்றால் ஊருக்குப் போட்ட கடுதாசிகள்தான். நடுநடுவே மறந்தும் போகிறது, முன்னால் வர வேண்டியது பின்னால் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு வயதானவர்கள் யாராவது பழைய அனுபவம் எழுதித் தரலாமே என்று கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஹைதராபாத்தில், பேகம்பேட்டில் விமானங்கள் மொட்டை மாடியைத் தொடுகிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. புது ஏர்போர்ட் வரவில்லை. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் சிக்னல் கேபினில் லீவர் இழுக்கிறவராக இருந்து, நெஞ்சு வியாதியில் போய்ச் சேர்ந்துவிட்டார். பென்ஷன் வந்தது, ஆனால் பகல் போகவில்லை. தார்நாகாவில் ஒரு அபார்ட்மெண்டில் குழந்தை பார்த்துக்கொள்ளத் தமிழ் பேசுகிற பெண்பிள்ளை வேண்டும் என்று சொன்னார்கள், போனேன்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் மதுரைப் பக்கம், இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அவரை ஆபீஸ் வண்டி வந்து கூட்டிப் போகும். அவள் பேகம்பேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குப் போவாள். அவளைவிட அவர் பத்து வயது மூத்தவர். மாமா, மாமா என்றுதான் கூப்பிடுவாள். குழந்தைக்கு நாலு மாதம் முடிந்திருந்தது. ஆண் குழந்தை.

முதல் நாள் நான் பேசியதைக் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"ஆயாம்மா, நீங்க பேசுறது தமிழா, இந்தியா?"

"ரெண்டும்தாம்மா. தெலுங்கும் கொஞ்சம் கலந்திருக்கும். நல்லதா பாத்து எடுத்துக்க."

"என் பிள்ளை வேணாம்னு சொல்றதுக்கு உங்ககிட்ட நக்கோ நக்கோன்னு கத்துக்கப் போறான்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு மாதம்தான்.

குழந்தையின் வாய்க்குள் வெள்ளையாகப் படிந்திருந்தது. பால் என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்தேன். போகவில்லை. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், போனது, திரும்பி வந்தது. பிறகு வயிற்றுப்போக்கு. அது நிற்பதற்குள் சளி, சளி நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்து பத்து நாள் சரியாக இருப்பான், மறுபடியும் ஆரம்பிக்கும். மற்ற குழந்தைகள் குப்புற விழுந்து தவழ்கிற வயதில் இவன் தொட்டிலில் அசையாமல் கிடப்பான். கண் மட்டும் என் பின்னாலேயே வரும்.

ஒரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவள், செருப்பைக் கழற்றுமுன் என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"சோப்புப் போட்டுத்தான கழுவுனீங்க?"

"ஹவ்மா, ஆமா. ஒவ்வொரு வாட்டியும்."

"பாட்டில வெந்நீர்ல போட்டீங்களா, சும்மா அலசுனீங்களா?"

"கொதிக்கக் கொதிக்கப் போட்டேன்."

அவள் நம்பவில்லை. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும்தான் நம்பியிருக்க மாட்டேன். பகல் முழுக்கக் குழந்தையோடு இருப்பவள் நான். ஒன்று ஆனால் கை என் பக்கம்தான் நீளும்.

அந்த வாரமே ஹாலில் இருந்த கம்ப்யூட்டரின் தலையில் உருண்டையாக ஒரு கேமராக் கண் வந்து உட்கார்ந்தது. அதற்கு முன் அவர்கள் ஆபீஸ் போகும்போது அதை அணைத்துவிட்டுப் போவார்கள். இப்போது பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. அந்தக் கண் தொட்டிலைப் பார்த்தபடி இருந்தது. எனக்குப் புடவைத் தலைப்பைச் சரி செய்யக்கூட வெட்கமாக இருந்தது. மத்தியானம் குழந்தையின் எச்சில் துணியை எடுத்து அதன்மேல் போட்டுவிட்டேன். சாயங்காலம் அவர்கள் வருமுன் எடுத்தும்விட்டேன்.

அவள் உள்ளே வந்ததும் கேட்டாள்: "மத்தியானம் ஏன் ஆயாம்மா துணியப் போட்டு மூடுனீங்க?"

மூடியது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவள் என்னை, நான் அவளை.

எனக்கு வேறொருத்தி மேல் சந்தேகம் இருந்தது. மேல் மாடியில் தனியாக ஒரு அம்மாள் குடியிருந்தார். கோயமுத்தூர்ப் பக்கம். பக்கத்தில் இருக்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. வாட்ச்மேன் தெலுங்கில் சொல்லியிருந்தான், ஆ மேடம் எலுகலு கோஸ்தாரு என்று. எலி அறுக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைகூட விடிந்ததும் விடியாததுமாகப் போவார். எலிக்கு நாள் கிழமை தெரியாது, இத்தனையாம் நாள் என்றால் அன்றைக்குப் பார்த்தாக வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் வராந்தாவில் நிற்கும்போதெல்லாம் அவர் படியில் நின்று பார்ப்பார். சும்மா பார்க்கிற பார்வை இல்லை. ஒரு நாள் கிட்டே வந்து, விரலால் அவன் கீழுதட்டை மெதுவாக இழுத்துப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, வாய்ல வெள்ளையா இருக்குதே, ரொம்ப நாளா இருக்குதுங்களா?"

"பால்மா," என்று சொல்லி அவன் முகத்தை என் தோளில் திருப்பிக்கொண்டேன்.

"பால் இல்லீங்களே."

நான் கதவைச் சாத்தினேன். எலி தொட்ட விரல் என்று மனசு அடித்துக்கொண்டது. அடுத்த நாளே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மறுபடியும் சேர்த்து, திரும்பி வந்த அன்று, குழந்தையை யார் யார் தொடுகிறார்கள் என்று அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள். சொன்னேன்.

"மேல் வீட்டம்மா வாய்ல விரலை வெச்சாங்க. எலி அறுக்கிற கை."

அவள் புருஷனைப் பார்த்தாள். "கேட்டீங்களா மாமா?"

அவர் சாதுவான மனுஷன். அன்றைக்குப் படியேறிப் போன வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. மேலே குரல் கேட்டது. முதலில் அவருடையது மட்டும், பிறகு அந்த அம்மாளுடையது, அப்புறம் இரண்டும் தணிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இறங்கி வந்தார்கள்.

அந்த அம்மாள் உட்காரவில்லை. "என்னைத் திட்டறதுக்கு முன்னால ரிப்போர்ட்டக் காட்டுங்க," என்றார். ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டினார்.

"எல்லாம் நார்மல்னுதான் டாக்டர் சொன்னாரு," என்றார் குழந்தையின் அப்பா. "செல்லு எண்ணிக்கை சரியா இருக்காம்."

"எண்ணிக்கை சரியாத்தானுங்க இருக்குது. கிளாஸ்ல நாப்பது பேர் இருக்காங்கன்னு எண்ணியாச்சு. பாடம் படிச்சவங்க எத்தனை பேருன்னு யாரும் பார்க்கலியே." பிறகு காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் சொந்தமுங்களா?"

"இல்லைங்க. டாக்டரும் இந்தியில அதான் கேட்டாரு. ரத்த சொந்தம் கிடையாதுன்னு சொல்லிட்டோம்."

அந்த அம்மாள் இப்போது அவளைப் பார்த்தார். "நீங்க இவர மாமான்னு கூப்பிடறீங்களே, சும்மா கூப்பிடறதா, முறையாவே மாமனா?"

"முறைதான். எங்கம்மா கூடப் பிறந்த தம்பி."

"அப்பச் சொந்தந்தானுங்களே."

"அதெப்படிங்க?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பங்காளி வகையறான்னாத்தான் ஒரே ரத்தம். எங்கப்பா வழி வேற, இவுக வழி வேற. குலசாமியே வேற வேற. மாமன் முறைக்கு என்ன ரத்தம் வந்துச்சு?"

அவள் பொய் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்திலும் பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்றால் அண்ணன் தம்பி, நினைக்கவே கூடாது. மாமன் என்றால் வெளியாள், கட்டிக்கொள்ளலாம். டாக்டர் கேட்ட கேள்விக்கு அவர்கள் மனசாரத்தான் இல்லை என்றிருக்கிறார்கள். அவளைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கித் திரிந்தவரே அவர்தான். மாமியாரை அவள் அம்மாச்சி என்றுதான் கூப்பிடுவாள், அவளைப் பெற்றவளின் அம்மாதானே. ஆனாலும் ரத்தம் வேறு.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "எங்கூர்லயும் இப்படித்தானுங்க சொல்லுவாங்க," என்று மட்டும் சொன்னார். பிறகு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி டாக்டரிடம் தானே பேசுவதாகவும், குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தங்கள் இடத்துக்கு வந்தால் அங்கிருக்கிற மிஷினில் போட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

"கூடவே இன்னொருத்தர் ரத்தமும் வேணுமுங்க. நல்லா இருக்கறவங்க. நீங்க ரெண்டு பேரும் வேண்டாம், உங்க வீட்டு ஆளுங்க யாரும் வேண்டாம். இந்தக் குடும்பத்து ரத்தமே இல்லாதவங்களா வேணும்."

மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"நக்கோ," என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது.

"பயப்படாதீங்க ஆயாம்மா. ரெண்டு ஸ்பூன்தான்."

எனக்கு ஊசியைப் பற்றிப் பயமில்லை. என் வீட்டுக்காரர் டி.பி.யில் இருமி இருமித்தான் போனார். எனக்கும் விடிகாலையில் இருமல் வரும். தார்நாகாவில் இறங்குமுன் கொஞ்சம் வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு அதை அமுக்கிவிட்டுத்தான் அந்த வீட்டுக்குள் போவேன். இவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், நேராகக் கேட்க மனமில்லாமல் நல்ல ரத்தம் வேண்டும் என்று நாடகம் ஆடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நோய் இல்லாதவளின் ரத்தத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? இல்லாததைத் தேடவா இவ்வளவு படித்திருக்கிறார்கள்?

வீட்டுக்குப் போய் அரிசி களையும்போது இன்னொன்றும் தோன்றியது. அவர்கள் நினைப்பது நிஜமாக இருந்தால்? என் மூச்சுதான் அவன் நெஞ்சுக்குள் போயிருந்தால்? அதுவரைக்கும் மற்றவர்களைச் சந்தேகப்பட்டேன். அன்றிலிருந்து என் மேலேயே சந்தேகம் வந்தது. இருமலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். விட்டால் நான்தான் என்று ஆகிவிடும். அதோடு, காய்ச்சலில் அவன் என் கையிலிருந்து மட்டும்தான் பாட்டில் வாங்கிக் குடிப்பான்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு எடுத்தார்கள். அவ்வளவு சின்னக் கையில் நரம்பு தேடி நர்ஸுக்கே வேர்த்துவிட்டது. அதே மேஜையில், அதே நேரத்தில் எனக்கும் எடுத்தார்கள். ஒரே மாதிரி குழாய், ஒரே நிற மூடி, ஒரே டப்பா. ஒன்றுக்கு வெயில் பட்டால் இன்னொன்றுக்கும் படணும், ஒன்று காத்திருந்தால் இன்னொன்றும் காத்திருக்கணும், அதுதான் எங்கள் வழக்கம் என்றார் மேல் வீட்டம்மா. என் குழாய்மேல் ஒரு சீட்டு ஒட்டி எழுதினார்.

"என் பேரா எழுதறீங்க?"

"பேரு எழுத மாட்டோமுங்க. நார்மல்னு எழுதியிருக்கறேன்."

"நீங்க இன்னும் பாக்கவே இல்லியே. அதுக்குள்ள எப்படி நார்மல்னு எழுதுவீங்க?"

அவர் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "நம்பித்தானுங்க எழுதறோம். ஒருத்தர நம்பாம இன்னொருத்தர எதோட வெச்சுப் பாக்கறது?"

எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை. என்னை அந்த வீட்டில் ஒருத்தரும் நம்பாதபோது குழாயில் மட்டும் நம்பி எழுதுகிறார்களாம்.

பதில் வரும்வரை குழந்தையை என்னிடம் கொடுக்கவில்லை. அவள் லீவு போட்டு வீட்டில் இருந்தாள். நான் பாட்டில் கொதிக்க வைத்தேன், துணி துவைத்தேன். போனில் இங்கிலீஷில் பேசுவாள். நடுவில் ஆயா என்று ஒரு வார்த்தை வந்து விழும். தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டுக் கேட்பேன், ஒன்றும் விளங்காது. கதவு இடுக்கில் பார்த்தால் தொட்டிலிலிருந்து அவன் கண் என்னைத் தேடும். தெரியாதவள் மாதிரி நகர்ந்துவிடுவேன். ஒரு நாள் இருமல் அடங்காமல் வந்தபோது பாத்ரூமுக்குள் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு இருமினேன். வெளியே வந்தால் அவள் நின்றிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மேல் வீட்டம்மா ஒரு காகிதத்தோடு வந்தார். அதில் மலை மாதிரிக் கோடுகள். வலது பக்கம் உயரமாக ஒன்று.

"இது ஆயாம்மாவோட ரத்தம். இடது பக்கம் ஓரமா ஒட்டிட்டு இருக்குது பாருங்க, அது குழந்தையோடது. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பாத்ததுனாலதான் மிஷின் தப்பில்லைன்னு தெரிஞ்சது."

அவர் அதன்பின் சொன்னதை எனக்குப் பிடிபட்ட வரைக்கும் எழுதுகிறேன். நம் ரத்தத்தில் சில செல்கள் தங்கள் மேல் ஒரு கொடியைத் தூக்கிப் பிடிக்குமாம். வெளியிலிருந்து வந்த கிருமியின் துண்டை அந்தக் கொடியில் வைத்து, பார்த்துக்கொள் என்று மற்ற செல்லுக்குக் காட்டுமாம். மார்பெலும்புக்குப் பின்னால் குழந்தைகளுக்கு மெத்தென்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். சண்டை போடுகிற செல்கள் அங்கேதான் வளர்ந்து ஆளாகுமாம். அங்கேயும் அந்தக் கொடியைப் பார்த்தால்தான் ஒரு வகைச் செல்லை வெளியே போக விடுவார்களாம். இவன் உடம்பில் கொடியே இல்லை.

"அப்ப அவனுக்கு அந்த ஜீனே இல்லையா?" என்று கேட்டார் அப்பா.

"அங்கதானுங்க விஷயமே. கொடி செய்யற எழுத்து அவன்கிட்ட இருக்கும், நல்லாவே இருக்கும்னு நினைக்கறேன். எழுத்து இருந்தாப் போதுமா? எடுத்துப் படின்னு சொல்ல ஆள் வேணும். மூணு பேர் கைகோத்துட்டு அந்த எழுத்துக்கு முன்னால வந்து உக்காரணும். அப்பத்தான் அது வேலை செய்யும். மூணுல ஒருத்தர் இல்லைன்னாலும் மத்த ரெண்டு பேரும் உக்கார மாட்டாங்க. நான் எலியில பாக்கறதும் இந்த மாதிரி ஆளுங்களத்தான். எந்த நாள்ல யாரு வந்து எதத் திறக்கறாங்க, எத மூடறாங்கன்னு."

எனக்கு என் வீட்டுக்காரரின் கேபின் கண் முன்னால் வந்தது. அந்த நிமிஷம் கூச்சம் எங்கே போனதோ தெரியவில்லை.

"சிக்னல் கம்பம் இருக்கு, கையும் இருக்கு, ஒயரும் இருக்கு. கேபின்ல லீவர் இழுக்க ஆளு வரல. வண்டி ஸ்டேஷனுக்கு வெளிய அவுட்டர்லயே நிக்குது. அப்படியாம்மா?"

"ஆமாங்க. கிட்டத்தட்ட அப்படித்தான்."

கிட்டத்தட்ட என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

அவள் கேட்டாள்: "ஆள் ஏன் வரல?"

"நம்ம எல்லார்கிட்டயும் அந்த ஆளச் செய்யற குறிப்பு ரெண்டு இருக்கும், அம்மா கிட்ட ஒண்ணு, அப்பா கிட்ட ஒண்ணு வாங்கினது. உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு கெட்டது, ஒண்ணு நல்லது. நல்லது ஒண்ணு இருந்தாப் போதும், அதான் உங்களுக்கு ஒண்ணுமில்ல. குழந்தைக்கு ரெண்டும் கெட்டதா வந்துருச்சு. ஒரே வீட்ல இருந்து ரெண்டு பக்கமும் இறங்கியிருக்கோணும். உங்க அம்மாச்சியோ, தாத்தாவோ."

அவள் புருஷனைப் பார்த்தாள். இத்தனை மாதமாக என்னைப் பார்த்த அதே பார்வை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய குடுக்க வேணாம், நம்ம வீட்டுப் பிள்ள நம்ம வீட்லயே இருக்கட்டும்னு அம்மாச்சிதான மாமா பிடிவாதம் பிடிச்சாக," என்றாள்.

நான் அடுத்ததைக் கேட்டாக வேண்டும். "என் ரத்தத்துல வேற ஏதாச்சும் தெரிஞ்சுதாம்மா?"

"வேறென்னங்க?"

"நெஞ்சு வியாதி, அந்த மாதிரி."

"அத நாங்க பாக்கவே இல்லீங்க. கொடி இருக்குதான்னு மட்டுந்தான் பாத்தோம்."

ஆக, நாடகம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நான் தப்பித்தேன் என்றும் ஆகவில்லை. அவர் எழுந்திருக்கும்போது சொன்னார்: "யாரும் இவனுக்கு இந்த நோயக் குடுக்கல, பிறக்கறப்பவே வந்தது. ஆனா இனிமே யாரு வேணும்னாலும் இவனுக்கு ஒரு சளியக் குடுத்துரலாம். இருமல் இருக்கறவங்க கிட்ட வரக்கூடாதுங்க. போலியோ சொட்டு, அம்மை ஊசி எல்லாம் உயிரோட இருக்கற கிருமிங்க, எதுவும் டாக்டரக் கேக்காமப் போடாதீங்க."

குழந்தையின் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஆயாம்மா, உங்க இருமலு."

"தெரியும்மா. ரயில்வே ஆஸ்பத்திரில எக்ஸ்ரே படம் எடுத்துட்டு வரேன்."

படம் எடுத்தேன், சளியும் கொடுத்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். ஒன்றுமில்லை, அடுப்புப் புகை, வயசு என்றார். எனக்கு நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். "இருந்தாத்தான் சந்தோஷப்படுவியா?" என்று இந்தியில் திட்டினார்.

அடுத்த நாள் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு போய் நின்றேன். நான் படத்தை உறையிலிருந்து எடுக்கப் போனேன். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து வந்தாள்.

"பிடிங்க ஆயாம்மா. ரெண்டு நாளா என்கிட்டப் பால் குடிக்க மாட்டேங்கிறான்."

துணி கட்டியிருந்ததில் அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. முழித்தான். "கியா ரே, என்னடா," என்றேன். குரலைக் கேட்டதும் காலை உதைத்தான். அவள் உள்ளே போய் அழுதாள். கம்ப்யூட்டர் மேலிருந்த கண்ணை எப்போது கழற்றினார்கள் என்று தெரியவில்லை, அன்றைக்கு அது அங்கே இல்லை.

ஆனால் சந்தேகம் அந்த வீட்டை விட்டுப் போய்விடவில்லை. வேறு வேறு பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். போலியோ சொட்டு ஞாயிற்றுக்கிழமை, பெட்டியோடு வந்த பெண்களிடம் குழந்தை ஊரில் இல்லை என்று நான் வாசலிலேயே சொன்னேன். உள்ளே அவன் குரல் கொடுத்தான். இந்த வீட்டில் என்னவோ மறைக்கிறார்கள் என்று எதிர் வீட்டில் பேசிக்கொண்டார்கள். மதுரையிலிருந்து போனில் அம்மாச்சி, நம் வம்சத்தில் எவருக்கு இப்படி இருந்தது, அந்த எலிக்காரி என்னவோ சொல்லிக் குடும்பத்தைக் கலைக்கிறாள் என்றார்களாம். அவள் போனை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அம்மாச்சி அவருக்குத்தானே அம்மா.

மருந்தால் தீராது, வேறொருவருடைய எலும்பு மஜ்ஜையை ஏற்ற வேண்டும், அதுவும் பொருந்த வேண்டும் என்றார்கள். கூடப் பிறந்தவர் இருந்தால் பார்க்கலாம், இவன் தலைச்சன் பிள்ளை. அப்போது மேல் வீட்டம்மா, சொந்தக்காரர் எல்லாரையும் பாருங்கள், சொந்தத்துக்குள்ளேயே கட்டிய வீட்டில் பொருத்தம் கிடைக்க வழி அதிகம் என்றார். மதுரையிலிருந்து ரத்தம் கொடுத்தவர்களில் அவளுடைய தம்பிக்குப் பொருந்தியது. குழந்தைக்குத் தாய்மாமன். அதைக் கேட்டதும் அவள் சிரித்தாளா, அழுதாளா என்று இப்போது நினைவில்லை. "இதுக்கும் மாமன்தானா," என்றது மட்டும் காதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டுபோனார்கள். சிகந்தராபாத் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். மேல் வீட்டம்மாவும் வந்திருந்தார். வண்டி நகர்ந்தபின் நாங்கள் இருவரும் ஒரே ஆட்டோவில் திரும்பினோம். எலிக்காரி என்று நினைத்த பெண்ணோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தேன்.

"புது மஜ்ஜை ஏறிட்டா கேபினுக்கு ஆளு வந்துருவாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ரத்தத்துல வந்துருவாங்க. ஆனா நெஞ்சுக்குள்ள அந்தச் சுரப்பி இருக்குது பாருங்க, அது அவனோடதாத்தான் இருக்கும். அங்க கொடி வராது. அதனால அந்த ஒரு வகைச் செல்லு கொஞ்சம் கம்மியாவே இருக்கலாமுங்க. அதோட நல்லா இருக்கற குழந்தைங்களும் இருக்காங்க."

அவர் உண்மையைச் சொன்னாரா, ஒரு கிழவி ஆட்டோவில் அழக் கூடாது என்று சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொஞ்ச காலத்தில் அவரும் வெளிநாடு போய்விட்டார்.

அவர்கள் ஹைதராபாத்துக்குத் திரும்பவில்லை. அவருக்கு மெட்ராஸிலேயே வேலை மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம். நான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எப்போதாவது பேசுவேன். மஜ்ஜை பிடித்துக்கொண்டது, நடக்கிறான், பேசுகிறான் என்பாள். கொஞ்சம் கொடும்மா, குரலைக் கேட்கிறேன் என்றால், "தூங்குறான் ஆயாம்மா" என்பாள். மத்தியானம் கூப்பிட்டாலும் தூங்குவான், சாயங்காலம் கூப்பிட்டாலும் தூங்குவான். கடைசியாகப் பேசியபோது, ஸ்கூலில் சேர்த்தாச்சு என்றாள். அவள் பேசும்போதே பின்னால் ஒரு குழந்தை இருமியது.

"யாரும்மா இருமறது?"

"டி.வி., ஆயாம்மா."

அதற்குப் பிறகு அந்த நம்பர் போகவில்லை. நானும் செல்போன் வாங்கினேன், பழைய நம்பரைப் போட்டுப் பார்த்தேன், வேறு யாரோ எடுத்தார்கள். அன்றைக்குக் கேட்டது டி.வி. இல்லை. குழந்தை இருமல் எனக்குத் தெரியும். ஆனால் இருமுகிற குழந்தை என்றால் இருக்கிற குழந்தை என்றும் வைத்துக்கொள்ளலாம் இல்லையா.

மலர் அச்சுக்குப் போகுமுன் இதை டாக்டருக்குப் படித்த பிள்ளை யாரிடமாவது ஒரு தடவை காட்டுங்கள். கைகோத்து உட்காருகிறவர்கள் மூன்று பேர் என்றுதான் நினைவு, பின்னால் நாலாவதாக ஒருவர் வந்தால்தான் லீவர் நகரும் என்றும் அந்த அம்மாள் சொன்ன மாதிரி இருக்கிறது. எது சரியோ அதைப் போடுங்கள், நான் தப்பாக எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். சுரப்பியில் கொடி இல்லாமலேயே ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போய்வர முடியும் என்று அவர் ஆட்டோவில் சொன்னது நிஜமா என்பதையும் கேளுங்கள். இதற்குப் பதில் கிடைத்தால் மலரில் போட வேண்டாம், எனக்குச் சொல்லி அனுப்பினால் போதும்.